பதினாறு பேர் சுமந்த ஓவியம்

பள்ளியில் ஐரோப்பிய மறுமலர்ச்சியைப் பற்றி நான் படித்தது மொத்தமே இரண்டு வரிதான். 1453-ல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தார்கள், அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் சுவடிகளைத் தூக்கிக்கொண்டு இத்தாலிக்கு ஓடினார்கள், அதனால் மறுமலர்ச்சி வந்தது என்பது ஒரு வரி. பிறகு அது ஐரோப்பா முழுக்கப் பரவியது என்பது இன்னொன்று. அப்படியே எழுதி மதிப்பெண்ணும் வாங்கியாயிற்று.

முதல் வரி பாதிதான் உண்மை. மனுவேல் கிரிசொலோராஸ் என்ற ஆசிரியரை ஃபிளாரன்ஸ் நகரம் சம்பளம் கொடுத்து வரவழைத்து, அவர் அங்கே கிரேக்கம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது 1397-ல். கான்ஸ்டான்டிநோபிள் விழ இன்னும் 56 வருடம் இருந்தது. ஆனால் என்னை ரொம்ப நாளாக உறுத்துவது இரண்டாவது வரிதான். அந்தப் 'பரவியது'. எண்ணெய் பரவும், தீ பரவும், வதந்தி பரவும். ஒரு உடம்பை எப்படி அளந்து வரைவது, ஒரு எழுத்தை எப்படி உலோகத்தில் வார்ப்பது, இதெல்லாம் தானாகப் பரவுமா? ஒருவர் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டு வாங்கிக் கற்று, மூட்டை கட்டி, மலை தாண்டி எடுத்துப்போனால்தான் உண்டு.

எனக்கு இப்படித் தோன்றக் காரணம் அப்பா. அவர் கம்பாசிட்டர். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளி வினாத்தாள் என்று ஈய எழுத்தைக் கோர்த்துக்கொண்டிருந்தவர். எந்த எழுத்து கேஸில் எந்த அறையில் கிடக்கிறது என்று பார்க்காமலே விரல் போகும். அந்த வேலையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் மதுரையிலிருந்து வந்து எங்கள் ஊரில் தங்கிவிட்ட ஒருவர். அவர் வராவிட்டால் இங்கே அச்சகமே கிடையாது என்று அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார்.

அந்தக் கண்ணோடுதான் நான் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தின் கதையைப் படித்தேன். கூட்டன்பர்க் தன் பைபிளை 1455 வாக்கில் அச்சடித்து முடித்தது அங்கேதான், சுமார் 180 பிரதி. எஃகில் எழுத்தைச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்தில் ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த குழம்பை ஊற்றி எடுக்கும் வேலை. அப்பாவின் கேஸில் கிடந்த எழுத்துகளும் இதே கலவைதான், ஐந்நூறு வருடம் கழித்தும்! ஆரம்பத்தில் ஸ்ட்ராஸ்பர்க், பாம்பெர்க் என்று ஒன்றிரண்டு ஊர்களைத் தவிர இந்தத் தொழில் மைன்ஸை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. அப்புறம் அந்த ஊர்ப் பேராயர் பதவிக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். 1462 அக்டோபரில் ஒரு தரப்பு படையோடு வந்து நகரத்தைப் பிடித்து, எதிர்த்த குடிமக்களை வெளியே துரத்தியது. துரத்தப்பட்டவர்களில் கூட்டன்பர்க்கும் ஒருவர். அவரிடமும் மற்றவர்களிடமும் தொழில் கற்றவர்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள், அச்சும் அவர்களோடு போனது.

அதில் ஸ்வெய்ன்ஹெய்ம், பன்னார்ட்ஸ் என்ற இரண்டு பேர் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, ரோமுக்குக் கிழக்கே மலைமேல் இருக்கும் சுபியாக்கோ மடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஏன் அங்கே? அந்த மடத்தில் ஜெர்மானியத் துறவிகள் நிறைய. நம் பாஷை பேசுகிறவர் இருக்கும் ஊரைத்தானே முதலில் தேடிப்போவோம். 1465-ல் அங்கே பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் நூலை அச்சடித்தார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், கூட்டன்பர்க்கின் கூர்கூரான கறுத்த எழுத்தை அவர்கள் அப்படியே கொண்டுவந்து இறக்கவில்லை. இத்தாலிய அறிஞர்கள் கையால் எழுதிய உருண்டையான எழுத்து வேறு மாதிரி, அதைத்தான் அவர்கள் கண் ஏற்கும். எனவே அதை ஒட்டிப் புதிதாகவே எழுத்து வார்த்தார்கள். ஜெர்மனியில் பிறந்த தொழில் இத்தாலியக் கையெழுத்தைப் போட்டுக்கொண்டது. அந்த உருண்டை எழுத்து பின்னாளில் வெனிஸில் செம்மையாகி, வடக்கே திரும்பிப் போய், இன்று ஐரோப்பாவின் பெரும்பாலான மொழிகளைத் தூக்கிக்கொண்டிருக்கிறது.

அந்த இரண்டு பேருக்கும் நல்ல காலம் வரவில்லை. ரோமுக்கு இடம் மாறி, ஒவ்வொரு புத்தகத்தையும் பெரும்பாலும் 275 பிரதி போட்டு, 1472-ல் போப்புக்கு ஒரு மனு கொடுக்கிறார்கள். வீடு நிறைய விற்காத அச்சுத்தாள் கிடக்கிறது, வாழத் தேவையானதுதான் ஒன்றுமில்லை என்கிறது மனு. ஈய எழுத்தே வேண்டாத ஆஃப்செட் அச்சு வந்து அப்பாவின் அச்சகம் மூடிய வருடம் எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. சம்பளப் பாக்கிக்குப் பதிலாக வந்த விற்காத நோட்டுகள் கட்டில் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. அந்த மனுவைப் பற்றிப் படித்த அன்று எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

சரி, வெனிஸுக்கு வருவோம், ஏனென்றால் போகிற வழி, வருகிற வழி எல்லாமே அங்கேதான் முட்டுகிறது. ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஜெர்மானிய வணிகர்களுக்கென்றே சத்திரமும் கிடங்கும் சேர்ந்த ஒரு பெரிய கட்டடம் இருந்தது. மிளகும் பட்டும் வடக்கே போகும், வெள்ளியும் செம்பும் தெற்கே வரும். மலையைத் தாண்டிப் போய்வந்த அந்தச் சரக்கோடுதான் கடிதமும் புத்தகமும் படமும் போயின. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகர வணிகர்களுக்கு இந்தப் பாதை மனப்பாடம். நியூரம்பெர்க்கில் அப்போது ராஜாவும் கிடையாது, பல்கலைக்கழகமும் கிடையாது. இருந்ததெல்லாம் தட்டார், கன்னார், கருவி செய்பவர், அச்சடிப்பவர். ரெஜியோமொன்டானஸ் என்ற வானியலாளர் 1471-ல் அந்த ஊரில் குடியேறினார். நல்ல கருவிகள் அங்கே கிடைக்கும், வணிகர்கள் எங்கும் போய்வருவதால் எந்த ஊர் அறிஞரோடும் தொடர்பு வைத்துக்கொள்ளலாம் என்று அவரே காரணம் எழுதியிருக்கிறார். அதே 1471-ல் அங்கே ஒரு தட்டார் வீட்டில் பிறந்தவர்தான் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர். அவருடைய ஞானத்தந்தை அந்தோன் கோபெர்கர், 24 அச்சு இயந்திரங்கள் வைத்திருந்தார் என்று பேசப்பட்ட அச்சக முதலாளி.

டியூரர் 1505-ல் வெனிஸ் போனபோது சின்னப் பையன் இல்லை, மரச்செதுக்குப் படங்களால் ஐரோப்பா முழுக்கத் தெரிந்த பெயர். அங்கிருந்து தன் நண்பர் பிர்க்ஹைமருக்கு எழுதிய பத்துக் கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. வெளியூரில் வேலை பார்த்த யாராக இருந்தாலும் அவற்றைப் படித்தால் தன் கடிதம் போலவே இருக்கும். இத்தாலிய நண்பர்களே அவரிடம், இங்கே இருக்கிற ஓவியர்களோடு சேர்ந்து சாப்பிடாதே, குடிக்காதே என்று எச்சரிக்கிறார்கள். உள்ளூர் ஓவியர்கள் அவரை மூன்று தடவை அதிகாரிகள் முன்னால் நிறுத்தி, தங்கள் சங்கத்துக்குப் பணம் கட்ட வைக்கிறார்கள். அவர் படங்களைத் தேவாலயங்களில் காப்பியடித்துக்கொண்டே, இது பழைய ரோமானிய முறை இல்லை, அதனால் நன்றாக இல்லை என்றும் சொல்கிறார்கள். இவருக்குச் செதுக்கத் தெரியும், வண்ணம் தெரியாது என்பது இன்னொரு பேச்சு. ஜெர்மானிய வணிகர்கள் தங்கள் தேவாலயத்துக்காகக் கேட்ட ரோஜாமாலை ஓவியத்தை 1506-ல் முடித்துக்காட்டி அந்த வாயை அடைத்தார். படத்துக்குள் ஒரு ஓரத்தில் தானே நின்றுகொண்டு, கையில் ஒரு தாளைப் பிடித்து, ஐந்து மாதத்தில் செய்தது, ஆல்பிரெக்ட் டியூரர், ஜெர்மானியன் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடைசிச் சொல்லைப் பாருங்கள்! யாரிடம் கற்க வந்தாரோ அவர்கள் ஊரிலேயே நின்று தன் ஊரைச் சொல்கிறார்.

எல்லோரும் அப்படி இல்லை. வெனிஸின் பெரிய ஓவியர் ஜொவான்னி பெல்லினி, ரொம்ப வயதானவர், நேரில் வந்து நாலு பேர் முன்னால் டியூரரைப் பாராட்டி, எனக்கும் ஏதாவது வரைந்து கொடு, நல்ல விலை தருகிறேன் என்றார். ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கும்போது டியூரர் எழுதுகிறார், அங்கே வந்தால் இந்த வெயிலுக்கு எவ்வளவு ஏங்குவேன், இங்கே நான் கனவான், வீட்டில் ஒட்டுண்ணி என்று. ஓவியரைச் சொந்த ஊர் எப்படி நடத்தியது, வெனிஸ் எப்படி நடத்தியது என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. அவர் வடக்கே எடுத்துப்போனவற்றில் வண்ணமும் அளவும் மட்டுமல்ல, ஓவியன் கூலியாள் இல்லை என்ற எண்ணமும் உண்டு.

ஆனால் டியூரர் கதையில் என் மனதை விட்டுப் போகாத இடம் இன்னும் முந்தையது. அவர் இளைஞராக இருந்தபோது யாக்கோப்போ தே பார்பரி என்ற வெனிஸ்காரர், அளவு வைத்து வரைந்த ஒரு ஆண், ஒரு பெண் உருவத்தை அவருக்குக் காட்டியிருக்கிறார். தலை இத்தனை பங்கு, கை இத்தனை பங்கு என்று ஏதோ ஒரு கணக்கு அதற்குள் இருக்கிறது. டியூரருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். ஒரு புது ராஜ்யம் கிடைப்பதைவிட அதைத் தெரிந்துகொள்வது எனக்குப் பெரிதாக இருந்தது என்று பல வருடம் கழித்து எழுதுகிறார். பார்பரி சொல்லவில்லை. படத்தைக் காட்டினார், கணக்கை மறைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட ஆள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார், எனக்கு அவர்மேல் இன்றும் கோபம் வருகிறது. டியூரர் விடவில்லை. பழைய ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸைப் படித்தார், ஆட்களை நிறுத்தி அளந்தார், நான் மேலே சொன்ன வெனிஸ் பயணத்தில், தூரத்தைத் தட்டையான படத்தில் காட்டும் தூரக்காட்சிக் கணக்கைக் கற்றுக்கொள்ள குதிரையேறி பொலோஞாவுக்குப் போக ஏற்பாடு செய்தார், 1507-ல் வெனிஸில் ஒரு டுகாட் தங்கக் காசு கொடுத்து யூக்ளிடின் வடிவியலை வாங்கினார். வாங்கிய விலையை அந்தப் புத்தகத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறார்.

டியூரர் கிளம்பின அடுத்த வருடம் அதே வெனிஸில் இன்னொரு வடக்கத்திக்காரர் வந்து உட்கார்ந்தார். எராஸ்மஸ், நெதர்லாந்துக்காரர். அவருக்கு நேர்ந்தது நேர் எதிர். ஆல்டஸ் மனுசியஸின் அச்சகத்தில், ஒரு பக்கம் அவர் எழுத, மறுபக்கம் அச்சுக்கோர்ப்பவர்கள் உடனுக்குடன் கோர்க்க, எட்டு ஒன்பது மாதத்தில் தன் பழமொழித் தொகுப்பைப் புதிதாக ஆக்கினார். பாரிஸில் 1500-ல் வந்தபோது சுமார் 800 பழமொழி, வெனிஸில் 1508-ல் 3,000-க்கும் மேல். நடுவில் நடந்தது என்ன? இதுவரை அச்சில் வராத கிரேக்கச் சுவடிகளை வெனிஸ் அறிஞர்கள் அவர் கேட்காமலே கொண்டுவந்து கொடுத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் கூடக் கொடுத்தார்கள், தன் சொந்த வடக்கில் ஒரு நண்பர் ஒரே ஒரு புத்தகத்தைக் காட்டக்கூட மறுத்துவிட்டார் என்று எராஸ்மஸ் மனம் நொந்து எழுதியிருக்கிறார். பிறகு அவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஃப்ரோபன் அச்சகத்தோடு சேர்ந்து 1516-ல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஆல்டஸ் கடையில் பார்த்துப் பழகிய வேலை முறை பாசெலுக்கு வந்து சேர்ந்தது.

டியூரர் என்ன செய்தார் என்பதற்கு வருகிறேன். பார்பரி மறைத்த கணக்கு எனக்குக் கிடைத்தால் எல்லோருக்கும் பயன்படும்படி அச்சில் போடுவேன் என்று எழுதியிருந்தார், போட்டார். 1525-ல் அளவுக்கலை பற்றி ஒரு நூல், 1528-ல் மனித உடலின் அளவுகள் பற்றி இன்னொன்று. இரண்டாவது வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. இரண்டையும் லத்தீனில் எழுதவில்லை, ஜெர்மனில் எழுதினார். ஓவியர், தட்டார், சிற்பி, கல்தச்சர், மரத்தச்சர் எல்லோருக்கும் என்று சொல்லியே எழுதினார். நம் பையன்களுக்குக் கை இருக்கிறது, வண்ணம் தெரியும், ஆனால் அளவுக்கலை சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் வெட்டிவிடாத காட்டுமரம் மாதிரி வளர்கிறார்கள் என்பது அவர் ஆதங்கம்.

ஜெர்மனில் அதுவரை அந்தக் கணிதத்துக்குச் சொல்லே இல்லை. நீள்வட்டத்துக்கு என்ன சொல்வது? முட்டைக்கோடு என்றார். பரவளையத்துக்கு எரிகோடு, ஏனென்றால் அந்த வளைவில் ஆடி செய்து வெயிலில் பிடித்தால் பொருள் எரியும். அதிபரவளையத்துக்குக் கவைக்கோடு. கலைச்சொல் உண்டாக்கும் வேலையில் தலையைப் பிய்த்துக்கொண்ட தமிழர்களுக்கு இந்த மூன்று சொல்லும் இனிக்கும் என்று நினைக்கிறேன். அகராதியில் தேடவில்லை, பட்டறையில் தேடியிருக்கிறார். அந்த ஜெர்மன் நூல்களை அப்புறம் காமெராரியஸ் என்ற அறிஞர் லத்தீனில் பெயர்த்தார், மற்ற நாட்டு அறிஞர்கள் அதில்தான் படித்தார்கள். தச்சருக்காக எழுதியதைப் பண்டிதர்கள் மொழிபெயர்த்துப் படித்தார்கள் என்பதில் எனக்குச் சொல்லமுடியாத சந்தோஷம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இத்தாலி கொடுத்தது, வடக்கு வாங்கியது என்று நினைத்துவிடக்கூடாது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன், அந்த நினைப்பை உடைத்தது ஒரு ஓவியம். ஃபிளாரன்ஸின் மெதிச்சி குடும்ப வங்கிக்கு, இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் புரூஜ் நகரக் கிளையை நடத்தியவர் டொமாசோ போர்ட்டினாரி, ஃபிளாரன்ஸ்காரர். அவர் ஹ்யூகோ வான் டெர் கூஸ் என்ற ஃபிளெமிய ஓவியரிடம் தன் ஊர்த் தேவாலயத்துக்காக ஒரு பீடஓவியம் வரையச் சொன்னார். விரித்தால் ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம், இரண்டரை மீட்டர் உயரம், மரப்பலகையில் எண்ணெய் வண்ணம். கப்பலில் சிசிலி சுற்றி, பிசா வந்து, ஆற்றில் படகேறி, 1483-ல் ஃபிளாரன்ஸின் கோட்டை வாசலுக்கு வந்தது. அங்கிருந்து சாந்தா மரியா நுவோவா மருத்துவமனைத் தேவாலயத்துக்குப் பதினாறு பேர் சுமந்துபோனார்கள்.

அந்தத் தெருவில் நின்று பார்த்தவர்களை நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. இத்தாலியில் எண்ணெய் வண்ணம் அப்போது தெரியாத சங்கதி இல்லை, ஆனால் இந்த அளவில் இப்படி ஒன்றை அந்த ஊர் பார்த்ததில்லை. கண்ணாடிக் குவளையில் தண்ணீர் தெரிகிறது, அதன் நிழலும் தெரிகிறது. வலது பக்கம் மூன்று இடையர்கள். வெயிலில் கறுத்த முகம், காய்த்துப்போன கை, ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு குழந்தையைப் பார்க்கிறார். அழகாக்கவே இல்லை. இரண்டு வருடத்தில், 1485-ல், ஃபிளாரன்ஸ் ஓவியர் கிர்லாண்டாயோ தன் படத்தில் அதே இடையர்களைக் கொண்டுவந்து மண்டியிட வைத்தார், ஆனால் பின்னால் ரோமானியத் தூண், முன்னால் தொட்டியாக ஒரு ரோமானியக் கல்சவப்பெட்டி. வடக்கு முகம், தெற்குக் கல்.

எல்லா இடத்திலும் வேர் பிடித்துவிடவில்லை. ஹங்கேரியின் அரசர் மத்தியாஸ் கொர்வினஸ், இன்றைய புடாபெஸ்டில் இருக்கும் புடா அரண்மனையில் சேர்த்த நூலகம் சுமார் 2,000 நூல்கள், வத்திக்கானுக்கு அடுத்தபடி என்று புகழ்பெற்றது. ஃபிளாரன்ஸில் எழுதி வண்ணம் தீட்டி வரவழைத்தவை பல. புடாவில் 1473-லேயே ஒரு அச்சகமும் வந்தது, லண்டன் பக்கம் கேக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தின் முதல் அச்சகம் போடுவதற்கு மூன்று வருடம் முன்பே! இரண்டே நூல்களோடு அது நின்றுபோனது. 1490-ல் அரசர் இறந்தார், நூல்கள் சிதற ஆரம்பித்தன, 1526-க்குப் பிறகு துருக்கியப் படையெடுப்பில் மிச்சமும் போயிற்று. இன்று உலகம் முழுக்கத் தேடினால் இருநூற்றுச் சொச்சம் தேறுகிறது. நியூரம்பெர்க்கில் தட்டாரும் வணிகரும் பிடித்துவைத்திருந்ததைப் புடாவில் ஒரே ஒரு ராஜா பிடித்துவைத்திருந்தார்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு நூல் ஓடுகிறது. 1515-ல் டியூரர் மரத்தில் வெட்டிய காண்டாமிருகம், அவர் கண்ணால் பார்க்காதது, குஜராத் சுல்தான் கொடுத்து கோவாவிலிருந்து லிஸ்பனுக்குக் கப்பலேறியது. யாரோ வரைந்த குறிப்புப் படம் நியூரம்பெர்க் வரை வந்து சேர, அதை வைத்து அவர் செய்தார். அதே போர்த்துகீசியக் கடல்வழியில் எதிர்த்திசையில் அச்சு இயந்திரம் கோவாவுக்கு 1556-ல் வந்தது. 1578-ல் கொல்லத்தில் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியார் தம்பிரான் வணக்கம் என்ற கிறித்தவ நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். 16 பக்கம், அப்பா கணக்கில் ஒரு ஃபாரம். வந்தது மதம் பரப்ப, அதில் சந்தேகமில்லை, மறுமலர்ச்சி என்று அதை நான் சொல்லமாட்டேன். ஆனால் எஃகு, செம்பு, ஈயம் என்ற அந்த மைன்ஸ் வேலை நம் எழுத்துக்கு வந்து சேர்ந்த இடம் அது. அதன் கடைசிப் பக்கத்தில் கோவாவில் 1577-ல் செய்த எழுத்தையும் கொல்லத்தில் 1578-ல் செய்த எழுத்தையும் தனித்தனியே அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

அதன் படத்தை ஒருநாள் போனில் பெரிதாக்கி அப்பாவிடம் கொடுத்தேன். தமபிரான வணககம என்றிருந்தது, ஓலையில் எழுதுவது போலவே புள்ளி இல்லாமல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். புள்ளியில்லாமலே கடகடவென்று வாசித்தார். பிறகு கேட்டார், "இதை வார்த்தவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"